ஒரு கண்ணி கூட்டக் கூடாது

தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சட்டை எங்க தச்சது? ரெடிமேடா? அதான பாத்தேன். தோள் ரெண்டு விரக்கடை கீழ இறங்கி நிக்குது. இல்ல இல்ல, நல்லாத்தான் இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல. அடுத்தவங்க துணியில குறை சொல்ற ஆளே கிடையாது நான். காலர் மட்டும் கொஞ்சம் தூங்கி விழுது. மத்தபடி நல்ல சட்டை.

குன்னூருக்கா போறீங்க? நானும் அங்கதானுங்க. பேரு தவசிமுத்து, ஜென்ட்ஸ் டெய்லர். மார்க்கெட்ல படிக்கட்டு ஏறுனா ஒரு மாடி வரும். இடது பக்கம் என் கடை, வலது பக்கம் உல்லன் நூல் கடை. நாளைக்குக் காலைல எனக்கும் அந்த உல்லன் கடைக்கும் கல்யாணம். சிரிக்காதீங்க தம்பி, கடைக்காரம்மாவுக்கும் எனக்கும்னு சொல்ல வந்தேன். நேத்துல இருந்து வாய் இப்படித்தான் உளறுது. மேட்டுப்பாளையத்துல கண்டக்டர் டிக்கெட் கேட்டப்ப, குன்னூர்னு சொல்றதுக்குப் பதிலா பிரபாவதின்னு சொல்லிட்டேன். அது எந்த ஸ்டாப்புங்கன்னு கேக்குறாரு மனுஷன்!

எனக்கு வயசு ஐம்பத்தொண்ணு. அவங்களுக்கு நாப்பத்தாறு. இந்த வயசுல இவனுக்கு என்ன கல்யாணம்னு நினைக்கிறீங்க. நினைங்க. இன்னைக்கு யாரு என்ன நினைச்சாலும் எனக்கு சந்தோஷமாத்தான் இருக்கும்.

முன்னாடியே ஏன் பண்ணலன்னு கேட்டா, அமையல. எங்கம்மா இருந்த வரைக்கும் பொண்ணு பாத்தாங்க. கோத்தகிரியில ஒரு பொண்ணு, தங்கமான பொண்ணு, நடைதான் கொஞ்சம் வேகம். நான் வேண்டாம்னா சொன்னேன்? கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவா நடந்தா நல்லாருக்கும்னுதான் சொன்னேன். அவங்க வீட்ல ஏனோ கோச்சுக்கிட்டாங்க. காரமடையில இன்னொண்ணு. சிரிக்கும்போது வாயைக் கொஞ்சம் கம்மியாத் திறந்தா இன்னும் அழகுன்னேன். பாராட்டுதானுங்க அது? புரியாத ஜனங்க.

கடையிலயும் இதே தொல்லைதான். பேங்க் மேனேஜர் ஒருத்தர் பிளெயினா ஒரு பேண்ட் தைங்கன்னு துணி குடுத்தாரு. பிளெயினாத்தான் தச்சேன். முன்னாடி ரெண்டு பிளீட் மடிப்பு மட்டும் வச்சேன். அவருக்குத் தொப்பை இருக்கு, பிளீட் இல்லாம அது என்ன பேண்ட்? அவரு வந்து கத்துன கத்துல மாடியே அதிர்ந்துச்சு. எதிர்க்கடையில பிரபாவதி ஊசியக் கீழ வச்சிட்டு முழுசும் கேட்டாங்க. அவங்க அதிகம் பேச மாட்டாங்க.

போன ஜூன் மழையில நான் கேட்டேன். கரண்ட் இல்ல, கடைக்கு ஒரு ஈ காக்கா இல்ல. அவங்க வாசல் வெளிச்சத்துல உக்காந்து ஏதோ பின்னிட்டிருந்தாங்க. நேராப் போய் நின்னு, "மேடம், நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"ன்னுட்டேன். துணியில கத்திரிக்கோல் வச்சா யோசிக்கக் கூடாது பாருங்க, ஒரே வெட்டு. அவங்க நிமிந்து பாத்துட்டு, "டெய்லரண்ணா, பின்னல் கணக்கு விட்டுப்போச்சு, போங்க"ன்னாங்க.

ஒரு வாரம் பேச்சே இல்ல. எனக்கு சோறு எறங்கல. அப்புறம் ஒரு நாள் ஒரு துணிப்பையோட என் கடைக்கு வந்தாங்க. உள்ள சாம்பல் கலர் உல்லன் நூல், ரெண்டு பின்னல் ஊசி, பின்னுற முறை அச்சடிச்ச ஒரு காகிதம்.

"டெய்லரே, இது ஒரு கார்டிகன். முன்னாடி பட்டன் வச்ச ஸ்வெட்டர். எங்கிட்டப் பின்னக் கத்துக்க வர்ற ஸ்கூல் பிள்ளைங்க கூட இதுலதான் ஆரம்பிக்கும். என் அளவுக்கு ஒண்ணு பின்னிட்டு வாங்க. இதுல எப்படிப் போட்டிருக்கோ அப்படியே. ஒரு கண்ணி கூட்டக் கூடாது, ஒரு கண்ணி குறைக்கக் கூடாது. முடிச்சிட்டு வாங்க, அன்னைக்கு நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்றேன்"னாங்க.

கவனிச்சீங்களா தம்பி? டெய்லரே! அண்ணாவ விட்டுட்டாங்க! பதினோரு வருஷமா டெய்லரண்ணா, டெய்லரண்ணான்னு கூப்பிட்ட வாயி. அவங்க போனப்புறம் கடைக்குள்ளயே ஒரு சுத்து சுத்துனேன். இஸ்திரிப் பெட்டியில இடிச்சு முட்டி வீங்கிடுச்சு. வலிக்கவே இல்ல.

வளைவு வருது, கம்பியப் பிடிச்சுக்கங்க.

சனிக்கிழமை மத்தியானம் அவங்க கடையில பின்னல் வகுப்பு. சுத்தி பொம்பளைங்க, நடுவுல நான். ஊசிய நான் பிடிச்ச லட்சணத்தப் பாத்து ஒரு ரிடையர்டு நர்ஸம்மா, "டெய்லர், அது கத்திரிக்கோல் இல்ல"ன்னாங்க. சிரிச்சாங்க. சிரிக்கட்டுமே. நாலே வாரத்துல அந்தம்மாவ விட வேகமாப் பின்னுனேன். பெரிய வித்தையெல்லாம் இல்லீங்க. ஊசியில மாட்டி நிக்கிற வளையத்துக்குக் கண்ணின்னு பேரு. ஒரு கண்ணிக்குள்ள இருந்து அடுத்த கண்ணிய இழுக்கணும். அது தெரிஞ்சா ஸ்வெட்டரும் ஒண்ணுதான், மப்ளரும் ஒண்ணுதான்.

அளவு எடுத்தேனான்னு கேக்குறீங்களா? எதுக்குங்க? எதிர்லயே உக்காந்திருக்கிற மனுஷி. தோள் எவ்வளவு, கை எவ்வளவுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். இது ஒரு ஆம்பள சொல்லக் கூடாத பேச்சுதான். டெய்லர் சொல்லலாம்.

நான் அந்தக் காகிதத்துல இருந்தத எதையும் மாத்தல தம்பி. சத்தியமா. தையலுக்குன்னு ரெண்டு பக்கமும் ஒரு விரக்கடை சேத்துப் பின்னுனேன், அது மாத்தறதா? தையலுக்கு விடாம எவனாவது துணி வெட்டுவானா? காகிதத்த அச்சடிச்சவருக்கு மறந்துபோயிருக்கும். அப்புறம் நாளைக்கு உடம்பு கொஞ்சம் போட்டா பிரிச்சு விடறதுக்கு உள்ள ஒரு விரக்கடை. இது எங்க தொழில் தர்மம்.

கழுத்து இருக்கு பாருங்க, வட்டமா, மொட்டையாப் போட்டிருந்தான். காலரே இல்ல. குன்னூர்ல தவசி காலர்னா வக்கீலுங்க வரிசையில நிப்பாங்க. என் கையால பின்னி, அதுவும் அவங்களுக்குப் பின்னி, காலர் இல்லாமக் குடுத்தா நாளைக்கு ஊர் என்ன பேசும்? சின்னதா ஒரு கோட்டுக் காலர் வச்சேன். காலர் நிக்கணும்ல, உள்ள கொஞ்சம் கேன்வாஸ். சாம்பல் கலரு சாவு வீட்டுக் கலரு மாதிரி இருந்துச்சு, ஓரத்துக்கு மட்டும் மெரூன். அஞ்சு பட்டன்னு போட்டிருந்துச்சு. அஞ்சு பட்டன்ல நெஞ்சு வாய் பிளக்கும், ஏழு வச்சேன். மேல ஒரு பாக்கெட், கீழ ரெண்டு பாக்கெட். பாக்கெட்டுக்கு மூடி. கையில மடிப்பு. பின்னாடி இடுப்புல ஒரு பட்டி, அது சும்மா, அழகுக்கு.

மத்தபடி அந்தக் காகிதத்துல இருந்த மாதிரியேதான்.

ஐப்பசி பிறந்தப்ப எல்லாத் துண்டும் தயார். சேத்துத் தச்சு, கோட்டு மாட்டற பொம்மையில போட்டுப் பாத்தேன். என்ன ஆச்சுன்னா, உல்லன் இழுத்தா இழுத்த பக்கம் வரும்னு எனக்கு யாரும் சொல்லல. அவங்க சொல்லியிருப்பாங்க, நான் காலர் யோசனையில இருந்திருப்பேன். அந்தக் கார்டிகனுக்குள்ள பிரபாவதியும் அந்த நர்ஸம்மாவும் சேந்து நுழைஞ்சாலும் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கும். அக்குள் பக்கம் சாக்கு மாதிரி தொங்குது.

நானும் முப்பது வருஷம் ஆல்ட்ரேஷன் பண்ண ஆளு. சாக்பீஸ எடுத்தேன். அக்குள்ல அழகா ஒரு வளைவு போட்டேன். கத்திரிக்கோல எடுத்து, சரக்!

நீங்க இப்ப மூஞ்சியச் சுளிக்கிறீங்க பாருங்க, உங்களுக்குக் கூடத் தெரியுது! எனக்குத் தெரியலையே தம்பி! துணின்னா வெட்டுன இடத்துல வெட்டுனபடி நிக்கும். இது ஓடுது! கண்ணி ஒண்ணொண்ணா அவிழ்ந்து, கண்ணு முன்னாடியே கீழ கீழ ஓடுது! கையால அமுக்குனா அந்தப் பக்கம் ஓடுது. பதறிப்போய் ஓரத்த மெஷின்ல குடுத்து ஒரு ஓட்டு ஓட்டி நிறுத்திடலாம்னு காலால மிதிச்சேன். மெஷினு கடக்குன்னுச்சு. கீழ இருக்கிற பல்லு உல்லனக் கவ்விக்கிச்சு. இழுத்தா ஊசி வளையுது, விட்டா நூலு ஓடுது. கார்டிகன் மெஷின் வாய்க்குள்ள, நான் அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு.

அப்பப் பாத்து வாசல்ல நிக்குறாங்க பிரபாவதி. மெஷின் சத்தம் பாதியில நின்னதும் எனக்கு நெஞ்சு வலியோன்னு ஓடி வந்திருக்காங்க.

பாத்தாங்க. காலரப் பாத்தாங்க. மெரூனப் பாத்தாங்க. பாக்கெட்டு மூடியத் தூக்கிப் பாத்துட்டு விட்டாங்க. சிரிக்கல, திட்டல. ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தாங்க.

"எனக்குக் கல்யாணம் ஆனது தெரியுமில்ல உங்களுக்கு?"

தெரியும்னேன். சின்ன வயசுல ஆச்சு, ரெண்டு வருஷத்துல திரும்பி வந்துட்டாங்கன்னு மார்க்கெட்டுக்கே தெரியும். ஏன்னு யாருக்கும் தெரியாது.

"மறுநாளே என் பேர மாத்துனாங்க. பிரபாவதிங்கிற பேரு அந்த வீட்டுக்கு ராசி இல்லன்னு மாமியா சொன்னாங்க. ரெண்டு வருஷம் நான் ஜெயலட்சுமி. பொட்டு வைக்கிறத மாத்துனாங்க, பேசுறத மாத்துனாங்க, படுக்கிற பக்கத்த மாத்துனாங்க. யாரும் என்னை அடிக்கல, திட்டல. எல்லாம் என் நல்லதுக்குத்தான்னாங்க. ஒரு நாள் கடைவீதியில யாரோ பின்னாடி இருந்து பிரபான்னு கூப்பிட்டாங்க. கூடப் படிச்சவ. நான் திரும்பவே இல்ல டெய்லரே. என்னைன்னு எனக்குத் தோணல. அன்னைக்குப் பயந்துட்டேன். பஸ் ஏறி வந்துட்டேன்."

நான் மெல்ல, "இது உங்களுக்காகத்தான் பண்ணேன்"னேன்.

"அவங்களும் அப்படித்தான் சொன்னாங்க"ன்னாங்க. அப்புறம் மெஷினக் காட்டி, "ஒரு ஸ்வெட்டர அதுபாட்டுக்கு விட முடியல உங்களால. என்னை விடுவீங்களா?"ன்னு கேட்டாங்க.

போச்சு, எல்லாம் போச்சுன்னு நினைச்சேன். பேங்க் மேனேஜர் கத்துனப்ப வராத அழுகை அப்ப வந்துச்சு. ஐம்பது வயசு ஆளு, மெஷின் மேல கைய வச்சுக்கிட்டு தேம்புறேன்.

அவங்க சமாதானம் எல்லாம் சொல்லல. எந்திரிச்சு வந்து, என் சின்னக் கத்திரியால மெஷின் பல்லுல இருந்து உல்லன மெதுவா எடுத்து விட்டாங்க. காலரப் பிரிச்சாங்க. ஒரு நுனியக் கண்டுபிடிச்சு இழுத்தாங்க, அது சரசரன்னு அவிழ ஆரம்பிச்சிடுச்சு. "கைய நீட்டுங்க"ன்னாங்க.

அடிக்கப் போறாங்கன்னுதான் நினைச்சேன். நீட்டுனேன். "ரெண்டு கையும். கொஞ்சம் அகட்டி." பிரிச்ச நூலு சுருள் சுருளா இருக்குமாம், கையில சுத்தி, கட்டி, தண்ணியில அலசுனாத்தான் மறுபடி நேராகுமாம். என் ரெண்டு கையிலயும் சுத்த ஆரம்பிச்சாங்க. அவங்க ஸ்டூல்ல, நான் எதிர்ல, கை ரெண்டும் நூலுக்குள்ள. போலீஸ்காரங்க விலங்கு மாட்டுனா இப்படித்தான் இருக்கும். ஆனா விலங்கு மாட்டுறவங்க அவ்வளவு பக்கத்துல உக்கார மாட்டாங்க.

முதுகு பிரிஞ்சுச்சு, கை பிரிஞ்சுச்சு, பாக்கெட்டு மூடி எல்லாம் போச்சு. நாலு மாச வேலை. எனக்கு வருத்தமே வரல தம்பி, அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. முடியவே கூடாதுன்னு இருந்துச்சு. அவங்க பேசிக்கிட்டே சுத்துனாங்க. அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. கடல் பாக்கணும்னாங்க, இதுவரைக்கும் பாத்ததில்லையாம். பின்னிட்டே இருந்தா அவங்கப்பா நினைப்பு வராதாம். இந்தச் சாம்பல் கலரு அவங்களுக்கே பிடிக்காதாம், விக்காமக் கிடந்துச்சுன்னு என் தலையில கட்டியிருக்காங்க! மெரூன் பத்தி அப்ப ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

அவங்க ரவிக்கையில வலது கை மடிப்பு ஒரு அங்குலம் பிரிஞ்சு தொங்குது. வந்து உக்காந்ததுல இருந்து பாக்குறேன். ஊசி நூலு கைக்கு எட்டுற தூரத்துல. கைய அசைக்க முடியல. முதல்ல உடம்பெல்லாம் ஊறுச்சு. கொஞ்ச நேரம் போச்சு, பாத்தா, பிரிஞ்சது தெரியத்தான் செய்யுது, ஆனா அது என்னை ஒண்ணும் பண்ணல. அதுபாட்டுக்கு இருந்துச்சு. அவங்க பேசுறதுதான் காதுல விழுந்துச்சு.

கடைசிச் சுத்துல நிறுத்திட்டு, "இவ்வளவு நேரம் ஒண்ணுமே சொல்லலையே. ஒண்ணும் தோணலையா?"ன்னாங்க.

பொய் சொல்ல வரல. "தோணுச்சு. கை மடிப்பு பிரிஞ்சிருக்கு"ன்னேன்.

குனிஞ்சு பாத்தாங்க. "தெரியும். காலைலயே பாத்தேன். இருக்கட்டும்னு விட்டேன்."

"சரிங்க, இருக்கட்டும்"னேன்.

சிரிச்சாங்க பாருங்க தம்பி! அந்த மெஷின் ரூம்ல, அந்த ஐப்பசி மழை இருட்டுல! வாயை முழுசாத் திறந்து சிரிச்சாங்க. எவ்வளவு திறக்கணும்னு நான் எந்தக் கருத்தும் வச்சுக்கல.

அப்பத்தான் பதில் சொன்னாங்க. "ரிஜிஸ்டர் ஆபீஸ். நோட்டீஸ் குடுத்துட்டு, தேதி வர்ற அன்னைக்குக் காலைல. நீங்க, நான், சாட்சிக்கு வேணுங்கிற ஆளு. முடிச்சிட்டு ஆளுக்கு ஒரு டீ. மண்டபம் வேண்டாம், மாலை வேண்டாம், பந்தி வேண்டாம். இதுதான். ஒண்ணும் கூட்டக் கூடாது." நான் தலைய ஆட்டுனேன். கையில நூலு இருந்ததால வேற எதையும் ஆட்ட முடியல.

அந்தத் தேதிதான் நாளைக்கு. நான் ஒண்ணும் கூட்டல தம்பி. மண்டபம் இல்ல. மாலை இல்ல. டீதான், அதுவும் முனைக்கடை டீ.

பின்னாடி சீட்ட மெதுவாத் திரும்பிப் பாருங்க. மெதுவா, மெதுவா. மடியில பச்சை உறை போட்டு ஒண்ணு வச்சிருக்காரே, அது தவிலு. பக்கத்துல வெத்தல போட்டுட்டு நீளமாப் பை வச்சிருக்காரே, அது நாயனம். காரமடையில இருந்து நான்தான் கூட்டிட்டு வரேன். இதுல என்ன கூட்டிட்டேன் சொல்லுங்க? ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல நிப்பாங்க, உள்ளயே வர மாட்டாங்க. அவங்க கையெழுத்துப் போடற நேரம் ஒரே ஒரு கெட்டிமேளம். குமாஸ்தா சீல் குத்துற சத்தத்துல ஒரு கல்யாணம் நடக்கலாமா? முதல் தடவ அவங்களுக்கு மேளம் கொட்டி பேர மாத்துனாங்க. இந்தத் தடவ பிரபாவதின்னே கையெழுத்துப் போடுவாங்க, அதுக்குக் கொட்ட வேண்டாமா? எனக்கு மனசு கேக்கல தம்பி.

இருங்க, போனு அடிக்குது. அவங்கதான். ஐயோ, அவங்கதான்!

ஹலோ. ஆங், சொல்லுங்க. ஏறிட்டேன், பர்லியாறு தாண்டிடுச்சு. சாப்பிட்டேன். ஆங், வேட்டி எடுத்துட்டேன். சட்டையா? கடையில எடுத்தேன், ரெடிமேடுதான், தொடவே இல்ல, சத்தியமா. என்ன சத்தமா? அது... அது வண்டி ஹாரனு. இல்லீங்க. இல்ல, ஹாரன் இப்படி இழுக்காதுதான்.

யோவ், யாருய்யா பின்னாடி சீவாளிய ஊதிப் பாக்குறது! கொஞ்ச நேரம் பொறுக்க மாட்டீங்களா!

ஹலோ? ஹலோ, இருக்கீங்களா? பிரபா? நாயனம்தானுங்க. ஒரு நாயனம், ஒரு தவிலு. நான் தப்புப் பண்ணிட்டேன். நீங்க சொன்னத மறக்கல, மறந்துட்டு பண்ணல, தெரிஞ்சேதான் பண்ணிட்டேன். அடுத்த வளைவுலயே எறக்கி விட்டுடறேன். பஸ் செலவு குடுத்து அனுப்பிடறேன். நாளைக்கு நீங்க சொன்ன மாதிரியே, நீங்களும் நானும் மட்டும். ஏதாவது பேசுங்க பிரபா. திட்டவாவது செய்ங்க.

...

ஆங்? ஒண்ணுதானுங்க. ஆமா, ஒரே ஒரு தவிலு. இல்ல, நெசமாத்தான். சரிங்க. சரிங்க. வைக்கட்டுமா? சரிங்க.

தம்பி, கொஞ்சம் தண்ணி இருக்குங்களா? நீங்களே மூடியத் திறந்து குடுங்க.

என்ன சொன்னாங்க தெரியுமா? "ஏங்க"ன்னாங்க. டெய்லரே இல்ல தம்பி, ஏங்க! "ஏங்க, தவிலு ஒண்ணா ரெண்டா?"ன்னாங்க. ஒண்ணுதான்னு சொன்னேன். "நாயனத்துக்கு ஒத்தத் தவிலு எடுபடுமா? சொல்றதுதான் சொன்னீங்க, ரெண்டாச் சொல்லியிருக்கலாம்ல"ன்னுட்டு வச்சிட்டாங்க.

கண்டக்டர்! கண்டக்டரே! விசில் குடுங்க, வண்டிய நிறுத்துங்க! நான் இப்படியே எதிர் பஸ் பிடிச்சு காரமடைக்குப் போகணும். தம்பி, பின்னாடி இருக்கிற ரெண்டு பேரையும் குன்னூர் ஸ்டாண்டுல எறக்கி ஒரு டீ வாங்கிக் குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நான் இருட்டறதுக்குள்ள இன்னொரு தவிலோட வந்துடறேன். ரெண்டு தவிலு. ரெண்டே ரெண்டு. பின்னாடி இருக்கிற தவில்காரரோட தம்பி ஜால்ரா போடுவானாம், கூட வரட்டுமான்னு காலைலயே கேட்டான். வேண்டாம்னு சொல்லிடுவேன். சத்தியமாச் சொல்லிடுவேன் தம்பி, அவங்க கேட்டது ரெண்டு தவிலுதான்.